குழுவை நடத்துவதும் ஓர் அமானத்

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

வாட்ஸ்அப் குழு இல்லாத ஜமாஅத்தை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். கடலூர் முதுநகர், மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம், புவனகிரி, சிதம்பரம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை என நம் பகுதியில் எந்த ஊரை எடுத்தாலும் மையித் அறிவிப்பும், இரத்தம் வேண்டும் என்ற வேண்டுகோளும், மதரஸா விடுமுறையும், பைத்துல்மால் வசூலும் இப்போது கைபேசியில்தான் வருகின்றன. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் பிள்ளை, ஊரில் ஒருவர் வஃபாத்தான செய்தியை அடுத்த தெருக்காரருக்கு முன்பே அறிந்துகொள்கிறார். இது அல்லாஹ் தந்த வசதி. ஆனால் வசதி என்று வந்தாலே அதற்குக் கணக்கும் உண்டு.

ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, தம் பொறுப்பைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). நூறு பேர் இருக்கும் குழுவின் அட்மினும் அந்த நூறு பேருக்கிடையே ஓடும் பேச்சுக்குப் பொறுப்பாளர்தான். அதில் உறுப்பினராக இருக்கும் நீங்களும் உங்கள் விரல் அனுப்புவதற்குப் பொறுப்பாளர்தான்.

நம்பிக்கை முதலில், கருவி பிறகு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பரங்கிப்பேட்டையைச் சுற்றியிருந்த மீனவக் கிராமங்கள் நிலைகுலைந்தன. அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அந்தக் குடும்பங்களுக்கு உணவு சமைத்துக் கொடுத்தார்கள். சமயம் பார்க்கவில்லை, சாதி பார்க்கவில்லை.

அப்போது வாட்ஸ்அப் என்ற ஒன்றே கிடையாது; அது 2009-இல்தான் வந்தது. அரிசி கொடுத்தவர், அது பசித்தவருக்குப் போய்ச் சேரும் என்று நம்பினார். சாப்பிட வந்தவர், இங்கே தன்னை யாரும் இழிவாகப் பார்க்க மாட்டார்கள் என்று நம்பினார். பள்ளிவாசலுக்கும் ஊருக்கும் இடையே ஆண்டாண்டாக வளர்ந்த நம்பிக்கை அந்த ஒரு நாளில் பலன் தந்தது. கைபேசி அந்த நம்பிக்கையை வேகமாகக் கொண்டுபோகும்; இல்லாத நம்பிக்கையை உண்டாக்கித் தராது. அதை உண்டாக்கும் வேலை நம்முடையது. எப்படி என்று நபிவழியில் பார்ப்போம்.

இரவில் கதவைத் தட்டிய செய்தி

உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் புறப்பகுதியில் குடியிருந்தார்கள். அவர்களுக்கு அன்ஸாரி அண்டைவீட்டார் ஒருவர் இருந்தார். இருவரும் முறைவைத்துக்கொண்டு, ஒரு நாள் ஒருவர், மறுநாள் மற்றவர் என நபி (ஸல்) அவர்களின் சபைக்குப் போவார்கள். போனவர் அன்றைய செய்தியையும் வஹீயையும் கேட்டு வந்து போகாதவரிடம் சொல்வார் (புகாரி). ஒருவர் சொல்வதை மற்றவர் அப்படியே ஏற்கிறார் என்றால் அதுதான் நம்பிக்கை. அந்த இருவர் குழுவுக்கு இதுவே அஸ்திவாரம்.

ஒரு நாள் இரவு அந்த அன்ஸாரி கதவைப் பலமாகத் தட்டினார். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரைத் தலாக் சொல்லிவிட்டார்கள் என்றார். சொன்னவர் நல்லவர், நாள்தோறும் உண்மை சொல்லி வந்தவர். அப்படியிருந்தும் உமர் (ரலி) அவர்கள் அந்தச் செய்தியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. முதலில் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் போய்க் கேட்டார்கள். அவர்கள் தெரியாது என்றார்கள். பள்ளிவாசலில் பார்த்தால், மக்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை பேர் அழுகிறார்களே, உண்மையாகத்தான் இருக்கும் என்று உமர் (ரலி) முடிவுகட்டவில்லை. நபி (ஸல்) அவர்கள் தங்கியிருந்த மாடி அறைக்குப் போய், மீண்டும் மீண்டும் அனுமதி கேட்டு, உள்ளே சென்று நேரடியாகக் கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. நபி (ஸல்) அவர்கள் மனைவியரை விட்டு ஒரு மாதம் விலகியிருந்தார்கள், அவ்வளவுதான். மக்கள் விலகலைப் பார்த்தார்கள். தலாக்கைத் தாங்களாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

உமர் (ரலி) அவர்கள் அதோடு வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. மக்களிடம் சொல்லலாமா என்று நபியவர்களிடமே அனுமதி பெற்று, பள்ளிவாசலின் வாசலில் நின்று உரத்த குரலில் உண்மையை அறிவித்தார்கள். பயமோ பாதுகாப்போ தரும் செய்தி வந்தால் உடனே பரப்பிவிடாமல், பொறுப்பில் உள்ளவர்களிடமும் அறிந்தவர்களிடமும் கொண்டுபோக வேண்டும் என்று உணர்த்தும் வசனம் (4:83) இந்த நிகழ்வையொட்டி இறங்கியதாக முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ளது.

குழு நடத்துவோருக்கு இதில் மூன்று பாடங்கள் இருக்கின்றன. நல்லவர் சொன்னாலும் விசாரியுங்கள். சம்பந்தப்பட்டவரிடமே போய்க் கேளுங்கள். வதந்தி எங்கே பரவியதோ, அதே இடத்தில் நின்று உண்மையைச் சொல்லுங்கள். தவறான செய்தியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டால், அதைப் படித்துவிட்டுப் போனவர் மனத்தில் பொய் அப்படியே தங்கிவிடும்.

விசாரிக்காததன் விலை

2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்த டிசம்பரில்தான் சென்னை அருகே முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு செய்தி கைபேசிகளில் பறந்தது. பண்ணை நிர்வாகம் அதை மறுத்தது. பழைய கொள்ளிடத்தில் முதலை இருப்பதை அறிந்த சிதம்பரம் பகுதி மக்களுக்கு இப்படி ஒரு செய்தி வந்தால் நம்பத்தானே தோன்றும்? நம்பும்படியாக இருப்பதுதான் வதந்தியின் பலம்.

2018 மே மாதம் நடந்தது இன்னும் கொடியது. குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி வடமாவட்டங்களில் பரவியிருந்தது. குலதெய்வக் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து உறவினர்களோடு திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் போன ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அந்த வதந்தியை அனுப்பிய எத்தனையோ பேர் குழந்தைகளைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ஆராயாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம் என்று அல்லாஹ் ஸூரத்துல் ஹுஜுராத்தில் (49:6) நம்மை எச்சரித்து எத்தனை நூற்றாண்டுகள் ஆகின்றன! ஒரு நிறுவனம் போட்ட பூட்டுக்குக் கட்டுப்படும் நம் விரல், ரப்புடைய கட்டளைக்குக் கட்டுப்பட வேண்டாமா?

சந்தேகத்துக்கு இடம் வைக்காதீர்கள்

நபி (ஸல்) அவர்கள் இஃதிகாஃபில் இருந்தபோது ஸஃபிய்யா (ரலி) அவர்கள் இரவில் பார்க்க வந்தார்கள். அவர்களை வழியனுப்ப நபியவர்கள் கூடவே நடந்தார்கள். அந்த வழியே வந்த அன்ஸாரிகள் இருவர் வேகமாகக் கடந்தார்கள். நபியவர்கள் அவர்களை நிறுத்தி, இவர் ஸஃபிய்யா என்று தெளிவுபடுத்தினார்கள். ஷைத்தான் உங்கள் உள்ளத்தில் எதையாவது போட்டுவிடுவானோ என்று அஞ்சினேன் என்ற கருத்தில் காரணமும் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்).

அல்அமீன் என்று எதிரிகளும் அழைத்த தலைவரே, கேட்காமலே விளக்கம் தந்தார்கள். அப்படியிருக்க, குழுவில் வசூல் செய்யும் நாம், என்னை நம்பவில்லையா என்று கோபப்படலாமா? பணம் கேட்டுப் பதிவு போட்டவர், எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, மீதி யாரிடம் இருக்கிறது என்று அதே குழுவில் அவராகவே எழுதட்டும். கணக்கை இருவர் பார்க்கட்டும். அதே சமயம் உதவி பெற்றவரின் முகத்தைப் படமெடுத்துப் போட வேண்டாம். மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது சிறந்தது என்று குர்ஆன் (2:271) கற்பிக்கிறது. கணக்கு வெளிச்சத்தில் இருக்கட்டும். ஏழையின் மானம் மறைவில் இருக்கட்டும்.

திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்ன பேச்சு

ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லும்போது சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தாலே அந்தப் பேச்சு அமானத் ஆகிவிடும் என்று நபிமொழி உணர்த்துகிறது (அபூதாவூத், திர்மிதி). இது ரகசியம் என்று அவர் வாயால் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பார்வை போதும்.

கைபேசியில் அந்தப் பார்வை நமக்குத் தெரிவதில்லை. ஒரு சகோதரி தன் குடும்பக் கஷ்டத்தை நம்பி எழுதுகிறார்; ஒரு வாலிபர் கடன் தொல்லையைச் சொல்கிறார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு குழுவில் போட ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் உடைவது அவர் மானம் மட்டுமில்லை, இனி அந்தக் குழுவில் மனம் திறந்து பேச யாருக்கும் துணிவு வராது. துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுத்த வசனத்தை (49:12) ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் முன் நினைத்துக்கொள்ளுங்கள்.

துணியின் ஓரம் எல்லோர் கையிலும்

கஅபாவைப் புதுப்பித்துக் கட்டியபோது ஹஜருல் அஸ்வத் கல்லை யார் வைப்பது என்று குறைஷிக் கிளையினர் சண்டைக்கே தயாரானார்கள். அப்போது நபி (ஸல்) அவர்களுக்கு 35 வயது; நபித்துவம் கிடைத்திருக்கவில்லை. ஒரு துணியை விரித்து, கல்லை அதில் வைத்து, ஒவ்வொரு கிளையின் தலைவரையும் ஓர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கச் சொன்னார்கள். பிறகு தம் கையால் கல்லை உரிய இடத்தில் வைத்தார்கள். சண்டை தீர்ந்தது.

குழு நடத்துபவர் விரிக்க வேண்டியது அந்தத் துணியைத்தான். நம் குழுக்களில் நான்கைந்து பேர்தான் பேசுகிறார்கள். தட்டச்சு செய்யத் தெரியாத பெரியவர், ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர், வசதி குறைந்தவர் எல்லோரும் மௌனமாக இருக்கிறார்கள். மஷூரா என்று வரும்போது அவர்களுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஆடியோவில் சொல்லச் சொல்லுங்கள்.

ஒருவர் தவறாகப் பதிவிட்டால் எல்லோர் முன்னும் அவமானப்படுத்தி நீக்கிவிட வேண்டாம். பள்ளிவாசலிலேயே சிறுநீர் கழித்த கிராமவாசியைத் தோழர்கள் அதட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் தடுத்து, அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றச் செய்தார்கள். அவருக்கு மென்மையாக எடுத்துச் சொன்னார்கள். நாமும் முதலில் தனியாகப் பேசுவோம். திரும்பத் திரும்ப அவதூறு பரப்பினால், அப்போது நீக்குவது அட்மினின் கடமை.

இந்த வாரம் நாம் செய்ய வேண்டியவை

இந்த ஜும்ஆவுக்குப் பிறகு மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

முதலாவது, உங்கள் குழுவில் செய்திகளை விசாரிக்க இருவரைப் பொறுப்பாக்குங்கள். சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ இரத்தம் வேண்டும் என்று வந்தால், நோயாளியுடன் இருப்பவரிடம் பேசிய பிறகே பதிவிடட்டும். தேதியும் நேரமும் எழுதட்டும். தேவை முடிந்ததும் முடிந்தது என்று அறிவிக்கட்டும். பழைய வேண்டுகோளுக்கு வீணாக அலைந்தவர், அடுத்த முறை உண்மையான தேவைக்கும் தயங்குவார்.

இரண்டாவது, கடைசியாக நடந்த வசூலின் கணக்கை எழுதிப் போடுங்கள்.

மூன்றாவது, குழுவில் ஒருவரைப் பற்றித் தவறான செய்தி வந்திருந்தால், அதே குழுவில் திருத்தம் போடுங்கள். முடிந்தால் அவர் வீட்டுக்கும் போய் ஸலாம் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளையும் விரல்களையும் பொய்யிலிருந்தும் அவதூறிலிருந்தும் காப்பாயாக! எங்கள் மஹல்லாக்களில் ஒருவரையொருவர் நம்பி வாழும் பாக்கியத்தைத் தருவாயாக! அமானத்தைப் பேணியவர்களாக உன்னைச் சந்திக்க அருள் புரிவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.