மலையிறக்கத்தில் பிடிக்காத எக்ஸாஸ்ட் பிரேக்

கேள்வி: எங்கள் டூரிஸ்ட் பஸ் ஏலகிரியில் இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கவே இல்லை. என்ன கோளாறு?
– வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: கோயிலுக்கும் பட்டுக்கடைக்கும் ஆளேற்றிச் சமவெளியிலேயே ஓடும் வண்டிகளுக்கு இது வழக்கமான வியாதி. மாதக்கணக்கில் யாரும் அந்த சுவிட்சைத் தொடுவதில்லை. சைலன்சர் பைப்புக்குள் இருக்கும் தகட்டு வால்வின் தண்டில் புகைக்கரி ஏறி இறுகிவிடுகிறது. தகடு மூடிப் புகையை மறித்தால்தானே இன்ஜின் திணறி வண்டியை இழுத்துப் பிடிக்கும்!

சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஏர் டேங்க் நிரம்பியதும் இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, ஒருவர் சுவிட்சைப் போடட்டும். நீங்கள் வால்வின் கம்பியைப் பாருங்கள். (சில புது வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் அசையும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.) அசையவே இல்லையா? ஃபியூஸ், சோலனாய்டு வால்வு, ஏர் ஹோஸ் கசிவு, கிளட்ச் சுவிட்ச் என்று தேடுங்கள். பாதியில் நின்றால் கரிதான். பைப் ஆறியபின் துருநீக்கி எண்ணெய் விட்டு, தண்டை ஆட்டி ஆட்டி இளக்குங்கள். கிரீஸ் மட்டும் வேண்டாம். அந்தச் சூட்டில் அதுவே கரியாகிவிடும்.

தினமும் நாலைந்து முறை சுவிட்சைப் போட்டு ஓட்டுங்கள். மழையில் வழுக்கும் சாலையில் அணைத்துவிடுங்கள். ஏலகிரியில் கொண்டை ஊசி வளைவுகள் 14தான், கொல்லிமலையில் 70. அங்கே சவாரி ஒப்புக்கொள்ளுமுன் இதைச் சரிசெய்துவிடுங்கள்.