திரையில் வென்றவர்களும் மைதானத்தில் வென்றவர்களும்

சென்ற ஆண்டு எமது கல்லூரி இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூன்று வாரங்கள் இருக்கையில், வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து 'தங்கல்' திரைப்படம் பார்த்தோம். படம் முடிந்தபோது உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். மறுநாளே 200 மீற்றர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அதுவரை எந்த ஓட்டத்திலும் நான் கலந்துகொண்டதில்லை. மூன்று வாரமும் மாலையில் ஓடிப் பழகினேன். போட்டியன்று கடைசி 50 மீற்றரில் எனக்குள் ஏதோ ஒரு வேகம் பிறக்கும் என்று நம்பிக்கொண்டே ஓடினேன். பிறக்கவில்லை. ஆறு பேரில் ஐந்தாவதாக வந்தேன்.

"எனக்கு ஓட்டம் சரிவராது வாப்பா" என்று வீட்டில் வந்து சொன்னேன். வாப்பா சிரித்தார். "படத்துல ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு எத்தனை வருஷம் போயிட்டுதுன்டு பாத்தீங்களா மகள்? நீங்க மூணு கிழமதானே ஓடின" என்றார்.

அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். 'உண்மைக் கதையைத் தழுவியது' என்ற அறிவிப்போடு வரும் விளையாட்டுத் திரைப்படங்கள் எவற்றை மாற்றுகின்றன? ஏன் மாற்றுகின்றன? அந்த மாற்றம் பார்ப்பவர்களாகிய எம்மை என்ன செய்கிறது? இவற்றைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் என்னை அழவைத்த படத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2016இல் வெளிவந்த 'தங்கல்', இந்தியாவின் ஹரியானா மாநிலத்துப் பலாலி கிராமத்தைச் சேர்ந்த கீதா போகட்டின் கதை. தந்தை மஹாவீர் சிங் போகட்டே அவருக்கு மல்யுத்தம் கற்பித்தார். 2010இல் டில்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் 55 கிலோ எடைப் பிரிவில் கீதா தங்கம் வென்றார். இவையெல்லாம் உண்மை.

படத்தின் இறுதிப் போட்டி எப்படி நடக்கிறது? தேசியப் பயிற்சியாளரின் சூழ்ச்சியால் தந்தை ஓர் அறையில் பூட்டப்படுகிறார். கீதா முதற் சுற்றில் வென்று, இரண்டாம் சுற்றில் தோற்கிறார். மூன்றாம் சுற்றிலும் பின்தங்கி நிற்கிறார். தந்தை சிறு வயதில் சொன்ன வார்த்தை நினைவுக்கு வர, கடைசிச் செக்கன்களில் எதிராளியைத் தூக்கி எறிந்து ஐந்து புள்ளிகள் பெற்று 6–5 என வெல்கிறார். நாம் மூச்சை விடுகிறோம்.

உண்மையில் நடந்தது வேறு. இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியாவின் எமிலி பென்ஸ்டட்டைக் கீதா எதிர்கொண்டார். முதற் சுற்று 1–0. இரண்டாம் சுற்று 7–0. அன்றைய விதிப்படி இரண்டு சுற்றுகளை வென்றவரே வெற்றியாளர் என்பதால் மூன்றாம் சுற்றுக்கே தேவை இருக்கவில்லை. தந்தையை எவரும் பூட்டிவைக்கவுமில்லை.

இதை வாசித்தபோது முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. பிறகு மீண்டும் அந்த எண்களைப் பார்த்தேன். இரண்டு சுற்றிலும் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காமல் ஒரு பெண் வென்றிருக்கிறார். அப்படிப்பட்டவரைத் திரைப்படம் தோல்வியின் விளிம்பில் நிறுத்தி, தந்தையின் வார்த்தையால் தப்பிப் பிழைத்தவராகக் காட்டுகிறது. பரபரப்பைக் கூட்டப் போனவர்கள் அவரது திறமையைக் குறைத்துவிட்டார்கள். பல ஆண்டுப் பயிற்சி ஒருவருக்குத் தருவது இத்தகைய தெளிவான வெற்றியைத்தான். ஆனால் அது திரையில் 'சப்' என்று இருக்கும் போலும்.

இப்படங்களில் மறைந்துபோகும் முதலாவது விடயம் காலம். 1981இல் வந்த 'சாரியட்ஸ் ஒஃப் ஃபயர்' என்ற பிரித்தானியப் படம் இதற்கு நல்ல சான்று. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடிய ஹரோல்ட் ஆப்ரஹாம்ஸ், எரிக் லிடெல் ஆகிய இருவரின் கதை அது. லிடெல் ஞாயிற்றுக்கிழமையை வணக்கத்துக்குரிய நாளாகக் கருதிய கிறிஸ்தவர். 100 மீற்றர் ஓட்டத்தின் ஆரம்பச் சுற்று ஞாயிறன்று நடப்பதால் அதில் ஓட மறுத்தவர். படத்தில் அவர் கப்பலில் ஏறப் போகும் வேளையில்தான் இந்தச் செய்தியை அறிகிறார். சக வீரர் ஒருவர் தமது 400 மீற்றர் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுக்கிறார்.

உண்மையில் போட்டி அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே லிடெலுக்குத் தெரியும். அந்த மாதங்களில் அவர் 400 மீற்றருக்காகப் பயிற்சி செய்தார். பிறகுதான் பாரிஸில் 47.6 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். யாரும் அவருக்கு இடம் விட்டுக்கொடுக்கவில்லை. கொள்கைக்காக ஒன்றை இழக்கத் துணிவது ஒரு நாளில் எடுக்கும் முடிவாகப் படத்தில் தெரிகிறது. வாழ்க்கையில் அந்த முடிவோடு அவர் மாதக்கணக்கில் உழைக்கவும் வேண்டியிருந்தது. எனக்கு இரண்டாவதே பெரிதாகப் படுகிறது.

அதே படத்தில் ஆப்ரஹாம்ஸ் முதலில் 200 மீற்றரில் தோற்று, பின்னர் 100 மீற்றரில் வென்று தலைநிமிர்கிறார். நடந்த ஒழுங்கு நேர்மாறானது. 100 மீற்றர் தங்கமே முதலில் வந்தது. அதன் பின் நடந்த 200 மீற்றர் இறுதி ஓட்டத்தில் அவர் ஆறாவதாகக் கடைசியில் வந்தார். வென்றவன் மறுபடி தோற்பது கதைக்கு நல்ல முடிவல்ல என்பதால் வரிசை மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

மறைந்துபோகும் இரண்டாவது விடயம் உதவிய மனிதர்கள். 1993இல் வெளிவந்த 'கூல் ரன்னிங்ஸ்', பனியே விழாத ஜமைக்காவிலிருந்து 1988இல் கனடாவின் கல்கரியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்குச் சென்ற பனிச்சறுக்கு வண்டி அணியைப் பற்றிய நகைச்சுவைப் படம். அதில் மற்ற நாட்டு வீரர்கள் இவர்களை ஏளனம் செய்கிறார்கள். உண்மையில் மற்ற அணிகள் இவர்களுக்கு வண்டி கொடுத்து உதவின. படத்தில் வண்டி பழுதாகிக் கவிழ்கிறது. உண்மையில் அனுபவக் குறைவினாலேயே கவிழ்ந்தது. படத்தில் வீரர்கள் வண்டியைத் தோளில் சுமந்து எல்லைக்கோட்டைக் கடக்கிறார்கள். உண்மையில் அதன் பக்கத்தில் நடந்து சென்றார்கள்.

'தங்கல்' படத்திலும் இதே குறை உண்டு. கீதா வென்ற அதே விழாவில் அல்கா தோமர், அனிதா என்ற இரு இந்திய வீராங்கனைகளும் மல்யுத்தத்தில் தங்கம் வென்றார்கள். அவர்களுக்கும் ஒரு வீடு, ஒரு தந்தை, ஒரு பயிற்சிக் களம் இருந்திருக்கும். ஒரு குடும்பத்தின் கதையில் அவர்களுக்கு இடமில்லாமற் போனது.

மூன்றாவது விடயம் நியாயம். கதைக்கு ஒரு வில்லன் தேவைப்படுகிறான். உண்மையில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால் உருவாக்கிவிடுகிறார்கள். 'தங்கல்' படத்துப் பயிற்சியாளருக்குக் கற்பனைப் பெயர்தான் சூட்டப்பட்டது. ஆனால் 2010இல் இந்திய மகளிர் மல்யுத்த அணியின் பயிற்சியாளர் யார் என்பது ஊருக்கே தெரியும். பி. ஆர். சோந்தி என்ற அந்தப் பயிற்சியாளர், தம்மைப் படம் தவறாகக் காட்டிவிட்டதாக வேதனைப்பட்டார். ஒருவர் செய்யாததை அவர்மேல் சுமத்துவது அவதூறு என்று சிறு வயதிலிருந்தே எமக்குச் சொல்லித் தரப்படுகிறது. பெயரை மாற்றிவிட்டால் அந்தப் பாரம் குறைந்துவிடுமா?

இங்கே இலக்கியம் கற்கும் தோழியர் ஒரு கேள்வி கேட்கலாம். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் வரும் நந்தினியும் கற்பனைப் பாத்திரம்தானே, அதை மட்டும் எப்படி ஏற்கிறோம் என்று. நியாயமான கேள்வி. நானும் இதை யோசித்தேன். அந்நாவலின் மாந்தர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவர்கள். நாவல் என்று தெரிந்தே அதை வாசிக்கிறோம். விளையாட்டுப் படத்து மனிதர்களோ பெரும்பாலும் இன்றும் எம்மோடு வாழ்பவர்கள். படத்தின் இறுதியில் அவர்களின் உண்மையான புகைப்படங்களையும் காட்டுகிறார்கள். அந்தப் புகைப்படம் முன்னால் வந்த கற்பனைக்கும் சேர்த்துச் சாட்சி சொல்லிவிடுகிறது.

கற்பனை செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2004இல் இலங்கையின் தேசிய கைப்பந்து அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜேர்மனிக்குப் போய், சில ஆட்டங்களில் தோற்றுவிட்டுக் காணாமற் போனார்கள். அப்போது இலங்கைக்குத் தேசிய கைப்பந்து அணியே இருக்கவில்லை! உபேர்ட்டோ பசோலினி 2008இல் இதை 'மச்சான்' என்ற படமாக எடுத்தார். அவர்கள் ஏன் போனார்கள், வீட்டில் என்ன கஷ்டம் என்பதை அந்தப் படம் கற்பனையால் நிரப்புகிறது. ஆனால் அது எவரையும் வீரராக்கவில்லை. வறுமையில் உள்ள மனிதர்களைப் புரிந்துகொள்ளச் செய்கிறது. கற்பனை எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பும் அமைகிறது.

திரைக்குள் அடங்காத ஓர் உண்மைக் கதை எமது நாட்டிலேயே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றார். 1948இல் டங்கன் வைட் வென்ற வெள்ளிக்குப் பிறகு, 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. அந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ், ஊக்கமருந்து பாவித்ததை 2007இல் ஒப்புக்கொண்டார். அவரது பதக்கம் பறிக்கப்பட்டது. 2009இல்தான் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாறியது. சிட்னி அரங்கில் அன்று ஆரவாரித்த கூட்டம் அப்போது இல்லை. இக்கதையைப் படமாக்குபவர் அந்த ஒன்பது ஆண்டுகளையும் ஒரு வரி எழுத்தில் கடந்துவிடுவார். ஆனால் அந்த ஒன்பது ஆண்டுகளையும் ஒரு பெண் நாள் நாளாக வாழ்ந்து கடந்திருக்கிறார்.

எனக்கு இப்போது 'தங்கல்' பிடிக்காமற் போய்விட்டதா? இல்லை. அண்மையில் மறுபடியும் பார்த்தேன். மறுபடியும் அழுதேன். ஆனால் படம் முடிந்ததும் 1–0, 7–0 என்ற எண்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தோழியரே, நீங்களும் இப்படியான ஒரு படம் பார்த்தால், முடிந்த பிறகு ஓர் ஐந்து நிமிடம் ஒதுக்கி, உண்மையில் எடுத்த புள்ளியையும் நேரத்தையும் தேடிப் பாருங்கள். எம்மை அந்தப் படங்களோடு ஒப்பிட்டு 'எனக்குச் சரிவராது' என்று முடிவு கட்டுவதிலிருந்து அது எம்மைக் காக்கும்.

நான் ஓட்டத்தை விடவில்லை. எட்டு மாதமாகப் பழகுகிறேன். ஒவ்வொரு வெள்ளி மாலையும் ராத்தா கையில் கடிகாரத்தோடு நிற்பார். நேரத்தை ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறோம். முதற் பக்கத்தில் 37.2 செக்கன் என்று இருக்கிறது. சென்ற வாரம் எழுதியது 34.9. இடையில் இருக்கும் பக்கங்களைப் படமாக எடுத்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் என் கதை அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.