படத்தில் ஒரு தெரு

இடுக்கி மாவட்டத்தில் மறையூர் இருக்கிறது. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாகப் போனால் மறையூர் வரும். அங்கே பாறைகளில் பழங்கால ஓவியங்கள் உள்ளன. விலங்குகள், மனிதர்கள் எனப் பல உருவங்கள். எந்த உருவத்துக்கும் நிழல் இல்லை.

நிழல் இல்லாவிட்டாலும் மான் மான்தான். அடையாளம் தெரிந்துவிடும். தெருவை வரைவது அப்படியல்ல. காகிதம் தட்டையானது. தெருவோ உள்ளே உள்ளே போகிறது. அதை எப்படிக் காட்டுவது?

நெதர்லாந்து நாட்டில் டெல்ஃப்ட் என்று ஓர் ஊர். அங்கே வெர்மீர் என்ற ஓவியர் வாழ்ந்தார். 1658-ஆம் ஆண்டு வாக்கில் அவர் ஓர் அமைதியான தெருவை வரைந்தார். படத்தின் உயரம் 54 சென்டிமீட்டர். ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

படத்தில் செங்கல் வீடு ஒன்று இருக்கிறது. சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளை அடித்திருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. உள்ளே இருட்டு. வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து தைக்கிறாள். பக்கத்துச் சந்தில் இன்னொரு பெண் குனிந்து வேலை செய்கிறாள். பிள்ளைகள் இருவர் வாசலில் விளையாடுகிறார்கள். வானத்தில் மேகம். சுள்ளென்ற வெயில் எங்கும் இல்லை. ஆனாலும் வீட்டுக்குள் இடம் இருப்பது நமக்குத் தெரிகிறது. அந்த வாசல் இருட்டை விரலால் மறைத்துப் பாருங்கள். வீடு வெறும் சுவராகிவிடும்!

இனி நம் பக்கத்துத் தெருவுக்கு வருவோம். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. தெரு கிழக்கு மேற்காகப் போகிறது. நவம்பர் நடுவில் அங்கே தேர்த்திருவிழா. அப்போது நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். நிழல் வடக்கே விழும். 10 அடிச் சுவரின் நிழல் சுமார் 5½ அடி. அதே வீட்டை மாடி எழுப்பி 20 அடி ஆக்கினால் நிழல் 11 அடி. எதிர்த் திண்ணையின் வெயில் குறையலாம். பழைய வீடுகளை இடித்து உயர்த்துவதில் இதுவும் ஒரு கணக்கு. யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

படம் வரைபவர் அந்த நிழலுக்குக் கறுப்பைப் பூசினால் சரியாக வராது. வெயில் படாத வெள்ளைச் சுவருக்கும் வானத்திலிருந்து வெளிச்சம் வருகிறது. அதனால் அங்கே லேசான நீலம் தெரியும்.

ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் பாலக்காட்டில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். நட்ட கம்புக்கு அப்போது நண்பகலில் நிழலே இராது. இடையில் ஜூன் மாதத்தில் நண்பகல் நிழல் தெற்கே திரும்பிவிடும். ஆனால் ஜூனில் மழைமேகம் மூடியிருக்கும். தெருவில் நிழல்கோடே விழாது. அப்போது கல்பாத்தியை வரைபவர், வெர்மீரைப் போல, திறந்த கதவுக்குள்தான் இருட்டைத் தேட வேண்டும்.