கோல்ஃப் மட்டைத் தொழிற்சாலைக்குள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோல்ஃப் கருவிகளைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் பல அமெரிக்காவில் உள்ளன. அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் பிங், கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் கேலவே, டெய்லர்மேட், மாசசூசெட்ஸில் டைட்டிலிஸ்ட் பந்துகளைத் தயாரிக்கும் அக்குஷ்னெட் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவற்றின் தலைமையகத்தையோ ஆலையையோ ஒருமுறையாவது சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்பது கோல்ஃப் பித்துப் பிடித்தவர்களின் நெடுநாள் ஆசை. வாயிலுக்குள் நுழையும்போது அவர்கள் சில நம்பிக்கைகளையும் கூடவே கொண்டு வருகிறார்கள். அவற்றில் பாதி உள்ளே சென்றதும் உதிர்ந்துவிடும். மீதி, விளம்பரங்களின் தயவில் இன்னும் திடமாகி வெளியே வரும்.

நம்பிக்கை: மட்டை முழுவதும் தலைமையகத்திலேயே வார்த்து உருவாக்கப்படுகிறது.

உலை, சம்மட்டி, தீப்பொறி என்று எதிர்பார்த்து வருபவர் முதலில் பார்ப்பது பெரும்பாலும் கணினித் திரைகளையும் அளவுக் கருவிகளையும்தான். இன்று விற்பனையாகும் டைட்டானியம் மட்டைத்தலைகளில் பெரும்பங்கு சீனாவிலும் தைவான் நிறுவனங்களின் ஆலைகளிலும் வார்க்கப்படுகிறது. கார்பன் இழைத் தண்டுகளை அதற்கென்றே உள்ள வேறு நிறுவனங்கள் செய்துதருகின்றன. வடிவமைப்பு, மாதிரி தயாரிப்பு, சோதனை, அளவெடுப்பு, இறுதியாகத் தலையையும் தண்டையும் பிடியையும் பொருத்துதல் ஆகியவையே தலைமையகத்தின் வேலை. அந்தப் பொருத்தும் பணியைக்கூட மெக்சிகோவுக்குக் கொண்டுபோன நிறுவனங்கள் உண்டு. பிங் மட்டைகளை ஃபீனிக்ஸிலேயே பொருத்துகிறார்கள்.

பொருத்தும் பகுதி, பார்க்க எளிமையாகத் தோன்றினாலும் நின்று கவனிக்கத் தக்கது. தண்டின் நுனியைச் சொரசொரப்பாகத் தேய்த்து, எபாக்சி பசை தடவி, மட்டைத்தலையின் கழுத்துக்குள் செருகித் திருகுகிறார்கள். பசை இறுகியதும் மறுமுனையில் இருபுறமும் ஒட்டும் நாடாவைச் சுற்றி, அதன்மேல் கரைப்பானை ஊற்றுகிறார்கள். நாடா வழவழப்பாகிவிடுவதால் ரப்பர் பிடி ஒரே இழுப்பில் தண்டின்மேல் வழுக்கிச் சென்று அமர்கிறது. கரைப்பான் உலர்ந்ததும் அசைக்க முடியாது. ஒவ்வொரு மட்டையும் ஒரு தராசில் ஏறி இறங்குகிறது. அது மொத்த எடையைப் பார்ப்பதற்கான தராசு அல்ல. வீசும்போது தலைப்பக்கம் எவ்வளவு கனமாகத் தோன்றும் என்பதை அளப்பது.

வார்ப்பு முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘அயர்ன்’ எனப்படும் நடுத்தூர எஃகு மட்டைகளின் தலைகள் பல, மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் பீங்கான் குழம்பைப் பல அடுக்காகப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவது இதன் அடிப்படை. சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலைகளை வார்ப்பதும் இதே அடிப்படையில்தான். சுவாமிமலையில் மெழுகு உருவம் ஒவ்வொன்றும் கையால் வடிக்கப்படுவது, பூச்சு காவிரி வண்டல் மண். ஆலையிலோ உலோக அச்சுக்குள் மெழுகைச் செலுத்தி, ஒன்றுபோல் ஆயிரக்கணக்கான உருவங்களை எடுக்கிறார்கள். சிற்பிக்கு ஒரே ஒரு சிலை போதும். ஆலைக்கு ஒன்றுக்கொன்று வேறுபடாத தலைகள் வேண்டும்.

நம்பிக்கை: சிறந்த மட்டைகளை உருவாக்கியவர்கள் சிறந்த ஆட்டக்காரர்கள்.

பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹெய்ம் 1911-இல் நார்வேயின் பெர்கன் நகரில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் அமெரிக்காவின் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்தது. பொருளாதார மந்தக் காலத்தில் கல்லூரிப் படிப்பைத் தொடர முடியாமல் செருப்புத் தைக்கும் தொழில் செய்தார். பின்னாளில் பொறியாளராகி ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. குழியை நோக்கிப் பந்தை உருட்டும் ‘பட்டிங்’ என்ற கடைசி அடிகளில்தான் அவர் தடுமாறினார். பழி மட்டையின் வடிவத்தின்மேல் என்று அவருடைய பொறியாளர் மூளை முடிவு கட்டியது.

எடை முழுவதும் தலையின் நடுவில் குவிந்திருந்தால், பந்து சற்று விலகிப் பட்டாலும் தலை திரும்பிவிடும். எடையை இரு ஓரங்களுக்கும் பிரித்து வைத்தால் அவ்வளவு எளிதில் திரும்பாது. சுழல் நிலைமம் என்று இயற்பியல் பாடத்தில் வருவது இதுதான். 1959-இல் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில், வீட்டின் கார் கொட்டகையில் அவர் செய்த முதல் பட்டிங் மட்டை பந்தில் பட்டதும் ‘பிங்’ என்று ஒலித்தது. அந்த ஒலியே நிறுவனத்தின் பெயராயிற்று. 1966-இல் ஓர் இசைத்தட்டின் உறைமேல் அவர் கிறுக்கிய வடிவம் ‘ஆன்சர்’ என்ற மட்டையானது. பிற நிறுவனங்கள் இன்றும் விற்கும் பட்டிங் மட்டைகள் பல அதன் வழிவந்தவையே. 1967-இல்தான் அவர் வேலையை விட்டார்.

கேலவேயை வளர்த்த ஈலை கேலவே துணி ஆலைத் தொழிலிலும் பிறகு திராட்சை மதுத் தொழிலிலும் இருந்தவர். டைட்டிலிஸ்ட் பந்துக்கு வித்திட்ட ஃபில் யங் ரப்பர் ஆலை முதலாளி. 1932-இல் நேராக அடித்த பந்து குழி தவறியதும், அவர் தன் கையைச் சந்தேகிக்காமல் பந்தைச் சந்தேகித்தார். மருத்துவமனை எக்ஸ்ரேயில் பந்தின் உட்கரு மையம் விலகி இருப்பது தெரிந்தது என்பது நிறுவனம் சொல்லும் வரலாறு. 1935-இல் டைட்டிலிஸ்ட் பந்து விற்பனைக்கு வந்தது. தோற்ற ஆட்டத்துக்குக் கருவியைக் குறைகூறுவது எல்லா விளையாட்டிலும் நடப்பது. சோல்ஹெய்ம், யங் இருவர் விஷயத்தில் குற்றச்சாட்டு உண்மையாகவே இருந்துவிட்டது.

நம்பிக்கை: பிங் தலைமையகத்தின் தங்க அறையில் இருப்பவை முழுதும் தங்கம்.

பிங் பட்டிங் மட்டையால் ஒரு தொழில்முறைப் போட்டியை வெல்பவருக்கு அதன் தங்க வடிவம் ஒன்று பரிசாகப் போகிறது. இன்னொன்று ‘தங்க அறை’ எனப்படும் பாதுகாப்பு அறையில் வெற்றியாளரின் பெயரோடு வைக்கப்படுகிறது. பெரும்பாலானவை தங்க முலாம் பூசியவையே. பார்வையாளர்கள் அதிக நேரம் நிற்பதும் இங்கேதான்.

நம்பிக்கை: உயரமானவருக்கு நீள மட்டை, குள்ளமானவருக்குக் குட்டை மட்டை.

உயரம் மட்டும் போதாது. காலணியுடன் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை எவ்வளவு என்பதும் வேண்டும். ஒரே உயரமுள்ள இருவரில் கை நீளமானவரின் மணிக்கட்டு தரைக்கு நெருக்கமாக இருக்கும். அவருக்கு மற்றவரின் மட்டை ஒத்துவராது. உயரத்தையும் இந்த அளவையும் அட்டவணையில் சேர்த்துப் பார்த்து, மட்டையின் நீளத்தையும், தண்டுக்கும் தரைக்கும் இடையே இருக்க வேண்டிய சாய்கோணத்தையும் முடிவு செய்கிறார்கள். பிங் மட்டைத்தலையில் உள்ள சிறு வண்ணப் புள்ளி அந்தக் கோணத்தைச் சொல்கிறது. கறுப்பு என்றால் வழக்கமான கோணம், நீலம் என்றால் தண்டு சற்று நிமிர்ந்தது, சிவப்பு என்றால் சற்றுப் படிந்தது.

கோணம் தவறினால் நடப்பது இது: தேவைக்கு மேல் நிமிர்ந்த மட்டையில், வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் விலகும். முகம் அதிகம் சாய்ந்த குட்டை அயர்ன்களில் இந்த விலகல் கூடும். ஆட்டக்காரரோ தன் வீச்சில்தான் பிழை என்று எண்ணிப் பயிற்சியாளரிடம் பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

நம்பிக்கை: பந்தில் குழிகள் அதிகமானால் தூரமும் அதிகம்.

விதிகள் பந்தின் எடைக்கு உச்சவரம்பு (45.93 கிராம்) வைக்கின்றன, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குழிகளின் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. டைட்டிலிஸ்டின் 2021 வரிசையில் ப்ரோ வி1 பந்துக்கு 388 குழிகள், ப்ரோ வி1 எக்ஸ் பந்துக்கு 348. நாற்பது குழி குறைந்ததால் எக்ஸ் பின்தங்கிவிடவில்லை. குழிகளின் ஆழம், ஓர வளைவு, பரவியிருக்கும் ஒழுங்கு ஆகியவையே முக்கியம். அவை பந்தை ஒட்டிய காற்றைக் கலைத்து, பின்னிழுக்கும் விசையைக் குறைக்கின்றன. குழியே இல்லாத வழவழப்பான பந்து ஏறத்தாழப் பாதித் தூரம்தான் போகும். 19-ஆம் நூற்றாண்டில் குட்டா பெர்ச்சா பிசினால் செய்த பந்துகள், அடிபட்டுத் தழும்பேறிய பிறகு நன்றாகப் பறந்ததைக் கண்டுதான் இந்த அறிவு பிறந்தது. குழிகளுக்கான காப்புரிமையை 1905-இல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர் பெற்றார்.

நம்பிக்கை: தொழில்முறை வீரர்களுக்கு ரகசிய மட்டைகள் உண்டு.

அவர்களின் மட்டைகளும் அதே விதிகளுக்கு உட்பட்டவை. எடையைத் துல்லியமாகப் பார்த்துத் தேர்ந்த தலைகள், அடிப்பகுதியைக் கையால் தேய்த்துத் தரும் தனி ஆட்கள் ஆகிய சலுகைகள் அவர்களுக்கு உண்டு. அவ்வளவே. உண்மையான ரகசியம் ஆய்வுப் பிரிவில் இருக்கிறது. அங்கே பார்வையாளருக்கு அனுமதி கிடைப்பதில்லை.

நம்பிக்கை: ஆண்டுதோறும் வரும் புதிய டிரைவர் (நெடுந்தூர அடிக்கான மட்டை) இன்னும் பத்து கெஜம் கூட்டித் தரும்.

சோதனைத் திடலில் ரோபோக்கள் ஒரே வேகத்தில், ஒரே பாதையில் மட்டையை வீசுகின்றன. பந்து படும் இடத்தைச் சில மில்லிமீட்டர் மாற்றி மாற்றி, விளைவைப் பதிவு செய்கிறார்கள். நிறுவனங்கள் இன்று போட்டியிடுவது நடுவை விட்டு விலகிப் படும் அந்த ஓர அடிகளுக்காகத்தான். டிரைவர் தலையின் கன அளவு 2004 முதல் 460 கன சென்டிமீட்டருக்குள் அடக்கப்பட்டுள்ளது. முகம் பந்தை உந்தும் மீள்விசைக்கும் வரம்பு உண்டு. அந்த வரம்பை ஒட்டியே பல ஆண்டுகளாக மட்டைகள் வருவதால், நடுவில் சரியாகப் பட்ட அடிக்குப் புதியது சேர்க்கும் தூரம் சொற்பம். புதிய மட்டை வாங்க நினைப்பவர்கள் முதலில் தம் மணிக்கட்டு அளவை எடுத்துக்கொள்ளட்டும். பிறகு பழைய மட்டையையும் புதியதையும் ஒரே வகைப் பந்தால் அடித்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பணத்தை எடுப்பது அதற்குப் பிறகு.