அலுமாரிக்குப் பின்னால்

அன்புள்ள மருமகளுக்கு,

பேர்ண் வீட்டுச் சுவரின் படம் கிடைத்தது. "நச்சுக் கறுப்புப் பூஞ்சணமா, மாமா?" என்று கேட்டிருக்கிறாய். இனம் பார்க்கிற பரிசோதனைக்குக் காசைக் கரைக்காதே, பிள்ளை. 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்தபோது, ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூஞ்சணத்தின்மேல் பழி விழுந்தது. அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2000இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே அறிவித்துவிட்டது. பச்சையோ கறுப்போ, ஈரச்சுவரில் வளர்வது எல்லாமே ஆகாது.

இருமல், மூக்கடைப்பு, தொய்வு, சுவாசத்தொற்று ஆகியவை ஈரவீடுகளில் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் எழுதியது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவை அதனால் சொல்ல முடியவில்லை. தம்பிக்குத் தொய்வு இருக்கிறபடியால், அவனுடைய கட்டிலை இன்றைக்கே பூஞ்சணம் பிடித்த அறையிலிருந்து எடுத்துவிடு.

"கறி சமைக்கிறீர்கள், அதுதான்" என்று வீட்டு நிர்வாகம் சொன்னதாம். பாதி உண்மை. சமையல், குளிப்பு, உடுப்புக் காயவைத்தல், மூச்சு எல்லாம் சேர்ந்து நாலுபேர் வீட்டில் நாளுக்கு ஏறக்குறைய 10 லீற்றர் நீர் காற்றில் கலக்கும். ஆனால் அந்த நீர் ஏன் அலுமாரிக்குப் பின்னால் உள்ள மூலையில் மட்டும் தங்குகிறது? அறை 20 பாகை, ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்துக்கொள். சுவரின் மேற்பரப்பு ஏறக்குறைய 12.6 பாகைக்குக் கீழே போனால், அங்கே ஈரப்பதம் 80ஐத் தாண்டும். பூஞ்சணத்துக்கு அது போதும், தண்ணீர் வடியவே தேவையில்லை. வெப்பக்காப்பு இல்லாத பழைய சுவர் கட்டடத்தின் குறை, உன் குசினியின் குறையல்ல. குடியிருப்பவரையே குறைசொல்வது எவ்வளவு ஆபத்து என்று பார்: இங்கிலாந்தின் ரோச்டேலில் 2020இல் இரண்டு வயதுக் குழந்தையொன்று இறந்தது. பூஞ்சணம் பற்றிப் பெற்றோர் முறையிட்டபோது, அவர்களுடைய வாழ்க்கைமுறையில்தான் குற்றம் காணப்பட்டது. பூஞ்சணம் நிறைந்த வீட்டில் நெடுநாள் இருந்ததே காரணம் என்று 2022இல் மரணவிசாரணை தீர்ப்பளித்தது.

உன் பங்கையும் செய். யன்னலை நாள் முழுக்கச் சரித்து வைக்காதே, சுற்றியுள்ள சுவர்தான் குளிரும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, முழுதாக, 5 முதல் 10 நிமிடம் திற. குளிர்காலத்தில் ஈரப்பதமானியில் 50க்கு மேல் ஏறவிடாதே. அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து பத்து சென்ரிமீற்றர் தள்ளிவை. சின்னப் புள்ளிகளைக் கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஈரத்துணியால் துடை. மேலே பெயின்ற் அடித்து மறைக்காதே, செத்த பூஞ்சணமும் ஒவ்வாமை தரும்.

இனிச் சட்டம். குறையைக் கண்டதும் வீட்டுக்காரருக்கு அறிவிப்பது சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 257ஜி பிரிவின்படி வாடகையாளரின் கடமை. சொல்லாமல் இருந்து சுவர் கெட்டால் நட்டம் உன் தலையில் விழலாம். படங்களோடு பதிவுத்தபாலில் எழுது. திருத்தவில்லையென்றால் வாடகைக் குறைப்புக் கேட்கலாம். வாடகை இணக்கசபையில் கட்டணம் இல்லை. வாடகையை மட்டும் நீயாக நிறுத்திவிடாதே, அதையே சாட்டாக வைத்து வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்கள். கடிதத்தை இந்தக் கிழமைக்குள் அனுப்பு, பிரதியை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
மாமா