சிறுநீர்க் கசிவும் தசைப் பயிற்சியும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரமாகிய போர்ட் பிளேர், 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது. மேடும் பள்ளமுமான இந்நகரின் ஒரு பகுதி மரைன் ஹில். அரிசிப் பையைச் சுமந்துகொண்டு இத்தகைய மேட்டில் ஏறும் தாய் ஒருத்தி, இருமல் வந்தால் சட்டென்று நின்று கால்களை நெருக்கிக்கொள்கிறாள். பிரசவத்திற்குப் பின் இருமும்போதும் தும்மும்போதும் சுமை தூக்கும்போதும் சிறுநீர் கசிவது பெண்களிடையே பரவலாகக் காணப்படும் குறை. ஆயினும் அதனை நோயென்று கருதுவோர் சிலரே. 'பிள்ளை பெற்றவளுக்கு இது இயல்புதானே' என்று மூத்தோரே கூறிவிடுவதால் பேச்சு அத்துடன் நின்றுவிடுகிறது.

தீவுகளின் முதன்மையான ஜி.பி. பந்த் மருத்துவமனை இதே நகரில்தான் உள்ளது. பெரிய நிக்கோபாரின் கேம்பல் பே வாசிகளுக்கோ அது 500 கிலோமீட்டருக்கும் அப்பால், கடல் கடந்து உள்ளது. ஆனால் இந்தக் குறையைப் பொறுத்தவரை மரைன் ஹில் பெண்ணும் கேம்பல் பே பெண்ணும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கின்றனர். ஒருத்தியைத் தடுப்பது கடல். மற்றவளைத் தடுப்பது கூச்சம்.

தசையின் பணி

சிறுநீர்ப்பை, கருப்பை, குடல் ஆகியவற்றை அடியிலிருந்து தாங்கி நிற்பது இடுப்புத்தளத் தசை. முன்னே பூப்பென்பு முதல் பின்னே வால் எலும்பு வரை தூளி போல அது அமைந்துள்ளது. கருவுற்ற காலத்துப் பாரத்தாலும் பிரசவத்தாலும் அது தளர்கிறது. தீராத மலச்சிக்கலும் உடற்பருமனும் மேலும் தளர்த்துகின்றன. இருமும்போது வயிற்றின் அழுத்தம் திடீரென உயர, தளர்ந்த தசையால் சிறுநீர்ப்பாதையை இறுக்கிப் பிடிக்க இயலுவதில்லை.

கைகால் தசைகளைப் போல இதையும் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்பதை அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் எடுத்துரைத்தார். 2018-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 14 நாடுகளைச் சேர்ந்த 1,817 பெண்களிடம் நடந்த 31 சோதனைகளைத் தொகுத்தது. இருமல், தும்மலின்போது கசிவுடைய பெண்களில், பயிற்சி பெற்றோரில் 56 விழுக்காட்டினரும் பெறாதோரில் 6 விழுக்காட்டினரும் குணமடைந்ததாகத் தெரிவித்தனர். மருந்தோ கத்தியோ இல்லாத ஒரு சிகிச்சைக்கு இது மிகப் பெரிய பலனாகும்.

செய்யும் முறை

சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோலத் தசையை இறுக்கி உள்நோக்கி மேலே இழுக்க வேண்டும். தொடக்கத்தில் இரண்டு மூன்று நொடி போதும். சிறிது சிறிதாகப் பத்து நொடி வரை நீட்டலாம். பின்னர் அதே அளவு நேரம் முழுமையாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறையாக நாளொன்றுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். மூச்சை அடக்கலாகாது, வயிறு, தொடை, பிட்டம் ஆகியவற்றை இறுக்கலாகாது. இருமல் வருமென்று தோன்றும்போதே தசையை இறுக்கிக்கொள்வதும் பலன் தரும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

எளிதாகத் தோன்றினும் இங்குதான் பலர் தவறுகின்றனர். வாய்மொழியாக மட்டும் சொல்லிக் கொடுத்தபோது ஏறத்தாழப் பாதிப் பெண்களே சரியாகச் செய்தனர் என்றும், கால் பங்கினர் கசிவை மிகுவிக்கும் வகையில் கீழ்நோக்கி முக்கினர் என்றும் 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே துண்டுப் பிரசுரம் அச்சிட்டு வழங்கிவிட்டால் கடமை முடிந்ததென எண்ணுவதற்கில்லை. தேர்ந்த செவிலியரோ இயன்முறை மருத்துவரோ ஒருமுறையேனும் பரிசோதித்துத் திருத்துவது அவசியம். சிறுநீரில் இரத்தம், எரிச்சல், பிரசவத்திற்குப் பின் இடைவிடாத ஒழுக்கு, கால் மரத்துப் போதல் ஆகியவை இருப்பின் பயிற்சியை நம்பிக் காத்திராமல் மருத்துவரை நாட வேண்டும்.

பொருளாதார நோக்கில் பார்த்தால் இச்சிகிச்சைக்கு வேண்டிய மூலதனம் பயிற்றுவிப்பவரின் நேரமே. விற்பதற்குப் பொருள் ஏதும் இல்லாததால் இதற்கு விளம்பரம் செய்ய எந்த வணிகரும் முன்வருவதில்லை. அப்பொறுப்பு பொதுத்துறையையே சாரும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. இத்தகைய ஏற்பாடு சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு இன்னும் பொருத்தமானது.

அதற்கு வாயிலும் ஏற்கெனவே உள்ளது. மருத்துவமனையில் பிரசவித்த தாயின் வீட்டிற்கு ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் செல்ல வேண்டுமென்பது நடைமுறை. குழந்தையின் எடையையும் தாய்ப்பாலையும் பற்றிக் கேட்கும் அவர், 42-ஆம் நாளன்று 'இருமினால் சிறுநீர் கசிகிறதா அம்மா?' என்னும் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். ஆம் என்று பதில் வந்தால், துணை சுகாதார நிலையச் செவிலியரிடம் அனுப்பிப் பயிற்சியைக் கற்பிக்கவும், மூன்றாம் மாதம் தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவரும்போது முன்னேற்றத்தைக் கேட்டறியவும் ஏற்பாடு செய்யலாம்.