துணியா, பலகையா, படுதாவா?

கோபித்துக்கொண்ட மருமகள் கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போக வேண்டும். போனாள். கதவோடு சேர்ந்து சுவர் ஆடியது, சுவரில் மாட்டியிருந்த தாத்தா படம் ஆடியது, பக்கத்து ஜன்னலும் ஆடியது. அழ வேண்டிய இடத்தில் அரங்கமே சிரித்தது. நான் முதன்முதலாகப் போட்ட செட் அது. மரச்சட்டத்தில் துணி போர்த்திய தட்டி உதவாது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். துணியின் மேல் குற்றமில்லை, அதில் கொண்டுபோய்க் கதவை மாட்டியவன் மேல்தான் குற்றம் என்று புரிய இன்னும் இரண்டு நாடகங்கள் ஆயின.

பள்ளி ஆண்டு விழாவுக்கோ கல்லூரி நாடகத்துக்கோ செட் போடக் கிளம்புகிறவர்கள், எது பார்க்க அசலாக இருக்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் வேறு இரண்டு கேள்விகள் கேட்பேன். நடிகர் கை எதிலெதில் படும்? இந்தச் செட்டை எத்தனை முறை நிறுத்தி, எத்தனை முறை பிரித்து, எந்த வண்டியில் ஏற்றப்போகிறீர்கள்? இதற்குப் பதில் வந்துவிட்டால் மற்றது தானாக வரும்.

ஒரே ஒரு காட்சிநாள்தான் என்றால் எதையும் செய்யாதீர்கள், வாடகைக்கு எடுங்கள். சபா நாடகங்களுக்கு வரவேற்பறை, அலுவலகம், கோயில் வாசல் என்று தயாராக வைத்திருப்பவர்கள் சென்னை போன்ற ஊர்களில் உண்டு. வந்து நிறுத்திவிட்டு, முடிந்ததும் கழற்றிக்கொண்டு போவார்கள். போன வாரம் வேறு நாடகத்தில் பார்த்த அதே நீலச் சுவர் உங்களுக்கும் வரும். பரவாயில்லை. மூன்றாவது காட்சி என்று பேச்சு வரும்போது சொந்தமாகச் செய்வதைப் பற்றி யோசிக்கலாம்.

கதைக்குள் இடம் மாறும் காட்சிகள் நிறைய, இடைவேளை கிடையாது என்றால் படுதாவை மிஞ்ச ஆளில்லை. பார்சி நாடகக் குழுக்கள் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய வழக்கம் இது. தர்பார், தெரு, காடு என்று நாலைந்து படுதா கையிலிருந்தால் ஒரு கம்பெனி எந்தப் புராணத்தையும் ஆடிவிடும். ராமன் போனதும் அந்தக் காடுதான், நளன் போனதும் அந்தக் காடுதான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடக மேடைகளில் அந்த வண்ணப் படுதாக்களை இன்றும் பார்க்கலாம். சுருட்டினால் ஒரு மூங்கில் கட்டு, பேருந்து மேலேயே போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் மேலே தொங்கவிட ஏதாவது வேண்டும். நம் பள்ளி அரங்குகள் பலவற்றில் கான்கிரீட் கூரையும் மின்விசிறியும்தான் இருக்கும். அப்போது இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை நட்டு, குறுக்கே மூங்கில் கட்ட வேண்டியதுதான். இன்னொன்று, நடிகர் படுதாவை ஒட்டி நின்றால் அவர் நிழல் வானத்தின் மேல் விழும். நாலைந்து அடி முன்னால் நிற்க இடமில்லாத மேடையில் படுதா வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் மடித்து வைக்காதீர்கள். மடிப்புக் கோடு விளக்கு வெளிச்சத்தில் மின்கம்பி மாதிரி தெரியும்.

வீட்டுக்குள் நடக்கிற கதைக்குத் தட்டிதான். இதில்தான் துணியா பிளைவுட்டா என்ற வழக்கு.

துணித் தட்டிக்கு வேண்டியது மூன்றங்குல அகல, ஓரங்குலக் கன ரீப்பர். எட்டுக்கு நாலு அடிச் சட்டம், நடுவே ஒரு குறுக்குக் கட்டை. நான்கு மூலையிலும் பின்பக்கம் பிளைவுட் முக்கோணம் வைத்துத் திருகாணி போடுங்கள். முக்கோணத்தை ஓரம் வரை கொண்டுவராமல் ரீப்பரின் கன அளவுக்காவது உள்ளே தள்ளி வையுங்கள், அப்போதுதான் இன்னொரு தட்டி செங்கோணத்தில் வந்து பொருந்தும். மூலைமட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்து பாருங்கள், இரண்டும் எட்டடி பதினொன்றே கால் அங்குலத்தை ஒட்டி ஒரே அளவாக வர வேண்டும். ஒரு தட்டி கோணினால் பரவாயில்லை என்று விட்டால், ஆறாவது தட்டியில் இரண்டு விரல் இடைவெளி நிற்கும்.

மேலே போர்த்துவதற்குக் காடா துணி போதும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் இழுத்து இழுத்து ஆணியடிப்பார்கள். கூடாது. லேசாகத் தளர்வாக ஒட்டிவிட்டு, தண்ணீரில் கரைத்த ஃபெவிகாலை ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். துணி தானே சுருங்கி மத்தளத் தோல் போல் இறுகும். முதலிலேயே இழுத்திருந்தால் அந்தச் சுருக்கத்தில் சட்டம் உள்பக்கம் வளைந்துவிடும். காய்ந்த துணியில் விரலால் தட்டினால் டப்பென்று கேட்கும், அதற்குப் பிறகுதான் வண்ணம். இப்படிச் செய்த தட்டியைக் கல்லூரிப் பையன் ஒருவனே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடுவான்.

பிளைவுட் தட்டியை அப்படித் தூக்க முடியாது. எட்டுக்கு நாலில் 6 மில்லிமீட்டர் பலகை மட்டுமே பத்து கிலோவை ஒட்டி வரும், சட்டத்தின் கனம் தனி. பணமும் கூட. அதற்குப் பதிலாக, அதில் படம் மாட்டலாம், அலமாரி பொருத்தலாம், நடிகர் முதுகைச் சாய்த்துக்கொண்டு வசனம் பேசலாம். துணிச் சுவரில் சாய்ந்தால் சுவர் மூச்சு விடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே பொருளில் செய்யாதீர்கள். பத்துத் தட்டியில் கை படுகிற இரண்டை மட்டும் பிளைவுட்டில் அடித்து, மற்ற எட்டையும் துணியில் முடியுங்கள். ஒரே வண்ணம் பூசினால் நாலாவது வரிசைக்கு வித்தியாசம் தெரியாது. தூய வெள்ளை மட்டும் வேண்டாம், விளக்கு வெளிச்சத்தையெல்லாம் சுவர் திருப்பியடிக்கும், முகங்கள் கறுத்துப்போகும்.

கதவை எந்தத் தட்டியோடும் சேர்க்காதீர்கள். அதற்குத் தனியாகக் கனமான மரத்தில் நிலை, பின்னால் தனித் தாங்கி, தாங்கியின் மேல் மணல் நிரப்பிய சிமெண்டுச் சாக்கு. பக்கத்துத் தட்டி கதவுநிலையைத் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும், இடுக்கைத் துணிப்பட்டை ஒட்டி மறைக்கலாம். கதவு மேடைக்கு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். பக்கச் சுவரில் வைப்பதானால் கீல் பின்மேடைப் பக்கத்து நிலையில் இருக்கட்டும். திறந்த கதவே அந்தப் பக்கத்து அலங்கோலத்தைப் பாதி மறைத்துக்கொள்ளும்.

வண்டிக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். குட்டி யானை எனப்படும் டாடா ஏஸின் தொட்டி நீளம் ஏழடிக்குக் கொஞ்சம் கூட. எட்டடித் தட்டி முக்கால் அடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஓரத்தில் கயிறு உராய்ந்து துணி கிழியும். ஊர் ஊராகப் போகிற குழுவென்றால் தட்டியின் உயரத்தை ஏழடிக்குக் குறைத்துவிடலாம். அகலத்தை மூன்றடியாக்கி, இரண்டிரண்டாகக் கீல் போட்டுப் புத்தகம் போல் மடக்கலாம். விரித்துக் கோணமாக நிறுத்தினால் தாங்கி இல்லாமலே நிற்கும் என்பது உபரி லாபம்.

ஃப்ளெக்ஸ் பேனரை நான் சிபாரிசு செய்வதில்லை. ஒரே நாளில் அச்சாகி வரும், விலையும் குறைவு. ஆனால் முன்விளக்கு பட்டதும் பளபளக்கும், சுருக்கம் தெரியும், அரண்மனைத் தூண் வழுக்கும் பிளாஸ்டிக்காகவே நிற்கும். எல்இடி திரை அதைவிட மோசம். பின்னால் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் முன்னால் நிற்பவர் முகத்தை யார் பார்ப்பார்கள்? நடன நிகழ்ச்சிக்கு ஆகும், வசன நாடகத்துக்கு ஆகாது.

நவாப் ராஜமாணிக்கம், ஆர். எஸ். மனோகர் குழுக்களின் தந்திரக் காட்சிகளைச் சொல்லி, அப்படியொன்று செய்ய முடியுமா என்று யாராவது கேட்பார்கள். அவை இரவு பகலாக அதே வேலையாக இருந்த கம்பெனிகள். சனிக்கிழமை மட்டும் ஒத்திகை பார்க்கும் குழு எதிர்த்திசையில் பார்ப்பது நல்லது. தெருக்கூத்தில் இரண்டு பேர் பிடிக்கும் ஒரு திரைத்துணி, ஒரு பெஞ்சு, அவ்வளவில் துரியோதனன் சபை வந்துவிடுகிறது. அதே வழியில் பதினெட்டு அங்குலக் கனசதுரப் பெட்டிகள் ஆறு செய்துகொள்ளுங்கள். 12 மில்லிமீட்டர் பிளைவுட், உள்மூலைகளில் ரீப்பர், தூக்குவதற்கு இரண்டு பக்கம் கைத்துளை. ஒன்று நாற்காலி, மூன்று சேர்ந்தால் கட்டில், அடுக்கினால் டீக்கடை மேடை. கையில் பணம் குறைவென்றால் தட்டியை மறந்துவிட்டு, பின்னால் கருப்புத் துணியும் முன்னால் இந்தப் பெட்டிகளுமாக ஆடலாம். நடிகர்கள் நன்றாக ஆட வேண்டும், மறைந்துகொள்ள அங்கே எதுவும் இருக்காது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், நின்ற பிறகு முதல் வரிசையின் இரண்டு ஓர இருக்கைகளிலும் போய் உட்கார்ந்து பாருங்கள். ஜன்னல் வழியே பின்னால் டீ குடிப்பவர் தெரிந்தால் அங்கே ஒரு கருப்புத் தட்டி வையுங்கள். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, கதவை முழுக் கோபத்தோடு பத்து முறை சாத்தச் சொல்லுங்கள்.